செவிலியின் முதல் வேலை



படித்து முடித்தபின் என்ன செய்வது என்னும் கேள்வி உங்களுள் பலருடைய உள்ளத்திலும் எழுந்திருக்கும். பொதுவாகப் பேசினால் இக்கேள்விக்குப் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. ஆகவே இன்று ஒரே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் முதல் வேலையை எவ்வாறு தேடுவது, எதைக் கொண்டு அதைத் தேர்ந்தெடுப்பது என்று ஆராய்வோம். நான் எடுத்துக்கொண்டிருப்பது செவிலியர் தொழில்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லேன். கணக்கு ஆசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். ஆனால் என்னிடம் படித்தவர்களில் பலர் செவிலியராயினர். பெண்கள் மட்டுமல்லர், ஆண்பிள்ளைகள் சிலரும் இத்தொழிலுக்குச் சென்றனர். பட்டம் பெற்றவுடன் விண்ணப்பம் எழுதிக் காட்டவும், சான்றொப்பம் வாங்கவும், வந்த உத்தரவைப் படித்துப் பொருள் கேட்கவும் அவர்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருவதுண்டு. அவர்கள் வாயிலாக நான் அறிந்ததையே இங்கே கூறுகிறேன்.

செவிலி என்பது பழைய சொல். தலைவியை வளர்த்த தாயைச் சங்கப் புலவர்கள் செவிலித்தாய் என்றனர். திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் நான்காவதாக வைத்தார். அவரை உழைச்செல்வான் என்று குறித்தார். நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவுறாது என்பது அதனால் விளங்கும். இத்தகைய பொறுப்பு, இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு வயதுள்ள ஒரு பெண்ணின் கையில் ஒருநாள் மாலை ஒப்படைக்கப்படுகிறது. அந்த மாலைக்கு அவள் எப்படித் தயாராக வேண்டும்?

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம். செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு; பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. நம் நாட்டில் நான்காண்டுப் பட்டப்படிப்பு 1946ஆம் ஆண்டில் டில்லியிலும் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. ஆனால் பட்டம் கைக்கு வந்ததாலேயே ஒருவர் நோயாளியைத் தொட உரிமை பெற்றவராகிவிடார். மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் இப்பதிவுக்கு அடிப்படை 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், தாதியர் சட்டம். பதிவு எண் இல்லாத விண்ணப்பத்தை நல்ல மருத்துவமனை எதுவும் ஏற்காது. எனவே இறுதித் தேர்வின் முடிவு வந்தவுடன் செய்யவேண்டிய முதற் காரியம் பதிவுதான். விண்ணப்பம் அதற்கு அடுத்தது.

வேலைக்கு வாயில்கள் பல. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுப்பதற்காக 2012ஆம் ஆண்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் அவ்வாரியம் செவிலியர்க்கு எழுத்துத் தேர்வு நடத்திற்று. தேர்ந்தவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டுப் பின்னர்ப் படிப்படியாகக் காலமுறை ஊதியத்துக்கு வந்தனர். அந்தக் காத்திருப்பு நீண்டுபோனதால் அவர்கள் பலமுறை போராடவும் நேர்ந்தது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு 2020ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதற்குமான பொதுத் தகுதித் தேர்வு ஒன்று நடந்து வருகிறது. இராணுவச் செவிலியர் சேவை, இரயில்வே மருத்துவமனைகள், தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைகள் ஆகியவையும் உண்டு. ஆனால் அரசுத் தேர்வு நாம் விரும்பும் நாளில் வருவதில்லை. ஆகவே பெரும்பாலோர்க்கு முதல் வேலை தனியார் மருத்துவமனையிலேயே அமைகிறது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மாணவர் தலையில் விழுவதும் அங்கேதான்.

எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது? சம்பளமா? கட்டடத்தின் உயரமா? வீட்டுக்கு அருகில் இருப்பதா? இவையெல்லாம் கணக்கில் வரவேண்டியவையே. வேண்டாமென்று நான் சொல்லவில்லை. எனினும் இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு கேள்வி நிற்கிறது. எனக்கு ஓர் ஐயம் வந்தால் அந்த நேரத்தில், அந்த இடத்தில், கேட்பதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே அது.

ஏன் இதற்கு இவ்வளவு முதன்மை தருகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க நாட்டில் மார்லீன் கிரேமர் என்னும் செவிலியர் ஆய்வாளர் 1974ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். கல்லூரியில் கற்ற முறைக்கும் வார்டில் நடக்கும் முறைக்கும் உள்ள வேற்றுமை புதிய செவிலியரைத் திகைக்க வைக்கிறது என்பதையும், அத்திகைப்பு பலரைத் தொழிலைவிட்டே ஓடச் செய்கிறது என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். பத்தாண்டுகளுக்குப்பின், 1984இல், பட்ரீசியா பென்னர் என்னும் அம்மையார் வேறொரு நூல் வெளியிட்டார். செவிலியர் ஒருவர் கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்த நிலைக்கு ஐந்து படிகளில் ஏறுகிறார் என்றும், அப்படிகளை ஏட்டுப் படிப்பால் மட்டும் தாண்ட முடியாது, அனுபவத்தால்தான் தாண்ட முடியும் என்றும் அவர் விளக்கினார்.

இது ஆசிரியர் தொழிலிலும் நாம் கண்டதே. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்தும்போது பேராசிரியர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெழுதுவார். வேலைக்கு வந்தபின் பக்கத்து வகுப்பில் ஒரு மூத்த ஆசிரியர் இருப்பார். புதிய ஆசிரியன் கரும்பலகையில் தவறாக எழுதினால் மறுநாள் அழித்துத் திருத்தி எழுதலாம். செவிலியின் தவறை மறுநாள் அழிக்க இயலுமா? ஆசிரியனுக்குப் பக்கத்து வகுப்பில் ஒருவர் தேவை என்றால், செவிலிக்கு அதே வார்டில், கூப்பிடு தூரத்தில் ஒருவர் தேவை.

என்னிடம் பத்தாம் வகுப்புவரை கணக்குப் படித்த ஒரு பெண்ணின் செய்தியைச் சொல்கிறேன். அவள் 2019ஆம் ஆண்டில் செவிலியர் பட்டம் பெற்றாள். தந்தை தறி நெய்பவர். வங்கியில் வாங்கிய கல்விக் கடன் இருந்தது. பட்டம் வந்த சில வாரங்களில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே சென்று வரலாம்; சம்பளமும் மற்ற இடங்களைவிடச் சற்று அதிகம். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உத்தரவுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள்.

அதில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. இரண்டாண்டு கட்டாயம் வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அதுவரை அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருக்கவேண்டும். நான் அவளிடம், "அம்மா, இரவில் ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள் என்று கேட்டாயா?" என்றேன். கேட்கவில்லை என்றாள். கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வந்து சொன்னாள்: "ஸார், ஒரு மாடி முழுவதும் ஒரே நர்ஸ்தானாம். இருபத்தாறு படுக்கை. கூட ஓர் ஆயா இருப்பாராம். டாக்டர் வீட்டில் இருப்பாராம். போன் செய்தால் வருவாராம்."

அவள் தந்தையும் உடன் வந்திருந்தார். கடன் தவணையை நினைத்து அவர் கவலைப்பட்டது நியாயமே. "வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லலாமா ஐயா?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் அவருக்கு அவருடைய தொழிலைக் கொண்டே விடை கூறினேன். "புதிதாகத் தறியில் உட்காரும் பையனைத் தனியாக விட்டுவிட்டு நீங்கள் வெளியூர் போவீர்களா?" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம், இங்கே உயிரல்லவா" என்றார். முடிவு அவர் வாயிலிருந்தே வந்தது.

அவள் அந்த வேலையை ஏற்கவில்லை. இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்தார் பேச்சையும் கேட்டுக்கொண்டாள். பின்பு ஒரு பெரிய நகரத்து மருத்துவமனையில், முன்னதைவிட மாதம் மூவாயிரம் ரூபாய் குறைவான சம்பளத்தில் சேர்ந்தாள். அங்கே முதல் ஆறு வாரம் தனியாகப் பொறுப்புக் கொடுக்கவில்லை. ஒரு மூத்த செவிலியோடு இணைத்துவிட்டார்கள்.

அவ்வாண்டு பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னாள். ஒருநாள் இரவு, நீரிழிவு நோயாளி ஒருவர்க்கு இன்சுலின் போட வேண்டியிருந்தது. டாக்டர் எழுதிய சீட்டில் நான்கு என்னும் எண்ணும், அதையொட்டி யூனிட் என்பதற்கு அடையாளமான 'யு' என்னும் ஆங்கில எழுத்தும் இருந்தன. அவசரத்தில் எழுதிய அந்த எழுத்து, வாய் மூடிச் சுழியம் போலத் தோன்றிற்று. நான்கா, நாற்பதா? அவளுக்கு ஐயம் எழுந்தது. மூத்த சிஸ்டரிடம் காட்டினாள். அவரும் ஊகிக்கவில்லை, உடனே டாக்டரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். நான்கு யூனிட்தான். நாற்பது போட்டிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, நோயாளி நினைவிழந்திருப்பார். உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். இந்தக் குழப்பம் உலகெங்கும் அறியப்பட்டது. அதனால்தான் யூனிட் என்பதைச் சுருக்கெழுத்தாக எழுதாமல் முழுச் சொல்லாகவே எழுதவேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு அறிஞர்கள் வற்புறுத்துகின்றனர்.

நண்பர்களே, அந்தப் பெண்ணின் அறிவு இருபத்தாறு படுக்கை மாடியிலும் அதே அறிவுதான். ஐயம் அங்கேயும் எழுந்திருக்கும். ஆனால் நள்ளிரவில், இருபத்தைந்து பேர் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவில், அவள் யாரிடம் சீட்டைக் காட்டியிருப்பாள்? மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு அவள் வாங்கியது அந்த மூத்த சிஸ்டரின் அருகிருப்பை.

வேலை கொடுப்பவரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாகாதா என்று அஞ்சுவோர்க்கு ஒரு வரலாறு சொல்கிறேன். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கிரீமியப் போர்க்களத்தில் விளக்கேந்திய சீமாட்டியாகவே நாம் அறிவோம். அவர் 38 செவிலியரோடு அங்கே புறப்பட்டது 1854இல். அவருடைய முதல் வேலையோ அதற்கு முந்தைய ஆண்டு, லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளர் பதவி. அதை ஏற்கும் முன்னரே அவர் நிர்வாகக் குழுவினர்க்குத் தம் தேவைகளை எழுதினார். ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரவேண்டும். நோயாளிகளின் உணவை மேலே ஏற்ற ஒரு தூக்குப் பொறி வேண்டும். மணி அடித்த நோயாளி யாரென்று செவிலிக்கு உடனே தெரியும்படி மணிகள் அமையவேண்டும் என்று கேட்டார். ஒரே சமயப் பிரிவினரைத்தான் சேர்ப்போம் என்று குழுவினர் கூறியபோது, எல்லாச் சமயத்தாரையும் சேர்க்காவிட்டால் தாம் பணியில் இரார் என்று உறுதியாக நின்றார். தமக்காக அவர் ஒன்றும் கேட்கவில்லை, சம்பளமே வாங்கவில்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்ததால் அது அவரால் முடிந்தது. உங்களால் முடியாது, முடியவும் வேண்டியதில்லை. ஆனால் நோயாளியின் நலத்துக்காகக் கேள்வி கேட்பதை அவரிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்.

நேர்முகத் தேர்வின் முடிவில், "ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்பார்கள். அப்போது தலையை ஆட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். பணிவான குரலில் இவற்றைக் கேளுங்கள். புதியவர்க்கு எத்தனை நாள் பயிற்சி? அந்நாட்களில் யாருடன் இணைப்பீர்கள்? பகலிலும் இரவிலும் ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள்? இரவில் மருத்துவமனைக்குள்ளேயே டாக்டர் தங்குகிறாரா? மஞ்சட்காமாலை 'பி' நோய்க்கான தடுப்பூசி போடுகிறீர்களா? நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிச் செவிலியின் கையில் குத்திவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்? இக்கடைசிக் கேள்வி சிறியதன்று. எச்.ஐ.வி. கிருமி தொற்றாமல் காக்கும் மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள் என்பதற்கு அளவுகோலும் உண்டு. பொது வார்டில் போதனா மருத்துவமனையாயின் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனையாயின் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கவுன்சிலின் வரையறை. நடைமுறையில் பல இடங்கள் இதை எட்டவில்லை. எனினும் ஐந்து எங்கே, இருபத்தாறு எங்கே என்று ஒப்பிட்டுப் பார்க்க இவ்வரையறை உதவும்.

சம்பளத்தைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசவேண்டும். தொண்டு என்ற பெயரால் உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் குறைப்பது முறையன்று. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டதாயின் மாநில அரசுச் செவிலியர்க்கு இணையாகத் தரவேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. இது பரிந்துரையே. எனினும் உங்கள் உழைப்பின் மதிப்பை ஓர் அரசுக் குழு எவ்வளவு என்று கணித்தது என்பதை அறிந்து பேசுவதற்கும் அறியாமல் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டு வாருங்கள். பத்திரத்தில் கையெழுத்து இடுமுன் ஒருநாள் அவகாசம் கேட்டு வீட்டில் படித்துப் பாருங்கள்.

இனி, அவர்கள் உங்களைக் கேட்கும் கேள்விகள். பெரும்பாலும் தொழிலின் அடிப்படையையே கேட்பார்கள். மருந்து கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டிய ஐந்து எவை? சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அடுத்து ஒரு கணக்கு வரும். 500 மில்லிலிட்டர் டிரிப்ஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும். குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஐந்நூறை இருபதால் பெருக்கினால் பத்தாயிரம் சொட்டு. நான்கு மணி என்பது 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42 சொட்டு. எட்டாம் வகுப்பு மாணவர் செய்யும் கணக்குத்தான். இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன் என்று என்னைக் கேட்ட மாணவர்கள் பலர். இதற்கும் பயன் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் பயிற்சியைப் பற்றிக் கேட்டால் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். நான் பார்த்தது, பிறர் மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று மூன்றாகப் பிரித்துக் கூறுங்கள். மூன்று முறை பார்த்ததை முப்பது முறை செய்ததாகச் சொன்னால் வேலை கிடைக்கலாம். ஆனால் முதல் நாளே அந்த வேலையைத் தனியாகச் செய்யச் சொல்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரை நல்ல மேட்ரன் தள்ளுவதில்லை. அவரிடம்தான் நோயாளியை நம்பி விடலாம் என்று அவருக்குத் தெரியும்.

வெளிநாட்டு ஆசை உள்ளவர்களுக்கு ஒரு சொல். பட்டம் வாங்கிய கையோடு வெளிநாட்டில் வேலை என்று கூறிப் பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பொதுவாக வளைகுடா நாடுகள் இரண்டாண்டு அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு முதலே அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இயங்கி வருகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். அந்த இரண்டாண்டு அனுபவத்தையும் நல்ல இடத்தில் பெற்றிருந்தால்தான் கடல் கடந்த நாட்டிலும் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

நான் குறிப்பிட்ட பெண் அம்மருத்துவமனையில் மூன்றாண்டு பணியாற்றினாள். இடையில் கொரோனா நோய் பரவிய 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொடிய மாதங்களையும் அங்கேயே கண்டாள். கல்விக் கடன் அடைபடச் சற்று அதிக காலம் ஆயிற்று, ஆனால் அடைந்தது. இப்போது அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த செவிலி. புதிதாகப் பட்டம் பெற்று வருகிற பெண்களை அவளோடு இணைக்கிறார்கள். அவர்கள் நள்ளிரவில் சீட்டை நீட்டி, "சிஸ்டர், இது என்ன எண்?" என்று கேட்கும்போது, எத்தனை வேலை இருந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்ப்பதைத் தனக்கு ஒரு விதியாக வைத்திருப்பதாக என்னிடம் சொன்னாள்.

இத்தொழிலை நாடும் மாணவர்களே, கேட்பதற்கு ஆள் உள்ள இடமாகப் பார்த்துச் சேருங்கள். சில ஆண்டு கழித்து, உங்களிடம் கேட்க வருபவர்களுக்கும் இடம் கொடுங்கள்.